மாமனாரின் தூக்க மாத்திரை

நான் வீட்டோடு மாப்பிள்ளை. இதை யாரிடமாவது சொன்னால் இன்றைக்கும் என் மனைவி முறைப்பாள். ஏதோ அவள் பிறந்த வீட்டைக் குறை சொல்கிறேன் என்று அவளுக்கு நினைப்பு. உண்மையில் அந்த ஏற்பாட்டுக்கு நான் ஆசை ஆசையாகத்தான் ஒப்புக்கொண்டேன். சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டில் அண்ணன்கள் மூன்று பேர், அவர்களுடைய பிள்ளைகள் ஏழு பேர், காலை நீட்டிப் படுக்க இடம் கிடையாது. படப்பையில் அவள் வீட்டிலோ இரண்டு அறை, பின்பக்கம் கிணறு, உள்ளறையில் ஜன்னலோரம் ஓர் இரும்புக் கட்டில். பெண் பார்க்கப் போன அன்று பெண்ணைப் பார்த்ததைவிட அந்தக் கட்டிலைத்தான் அதிக நேரம் பார்த்தேன் என்று அவள் சொல்வாள். அதில் பொய் இல்லை.

நான் ஷிப்டு வேலைக்காரன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹைவேயை ஒட்டி இருந்த ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினுக்கு ஆபரேட்டர். இரவு ஷிப்டு வாரத்தில் காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேனில் வந்து இறங்கினால் எனக்குத் தேவை ஒரு கட்டிலும் கொஞ்சம் அமைதியும்தான். பிரஸ் மெஷின் முன்னால் தூக்கக் கலக்கத்தோடு நின்றால் விரல் போய்விடும். எங்கள் லைனில் ஏழரை விரல்களோடு ஒரு சூப்பர்வைசர் இருந்தார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் கையைக் காட்டினால் போதும், வேறு பாடம் நடத்த வேண்டியதில்லை. அதனால் என் தூக்கத்தில் யாராவது கை வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

கை வைத்தவர் என் மாமனார்.

1991இல் அவருக்கு அறுபத்தைந்து வயது. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாட்டசாட்டமான உடம்பு, தெருமுனை வரை கேட்கும் குரல். மாமியார் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அவர், என் மனைவி, அவளுடைய தம்பி, நான். மனைவி பால்வாடி டீச்சர், எட்டரைக்குக் கிளம்பினால் நாலு மணிக்குத் திரும்புவாள். மச்சினன் மறைமலை நகர் பக்கம் வேறொரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருந்தான். மாமனாரைத் தனியாக விட முடியாது என்று ஆனபிறகு நானும் அவனும் ஆளுக்கொரு கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி, நான் இரவு என்றால் அவன் காலை, அவன் இரவு என்றால் நான் காலை என்று ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டோம். யாராவது ஒரு ஆண்பிள்ளை பகலில் வீட்டில் இருப்பான். அவன் தூங்கிக்கொண்டிருப்பான் என்பதுதான் அதில் உள்ள ஒரே ஓட்டை.

இப்போது அதற்கு மறதி நோய் என்று பெயர் வைத்து ஆஸ்பத்திரியில் பலகை எல்லாம் மாட்டுகிறார்கள். அப்போது நாங்கள், பெரியவருக்குப் புத்தி கொஞ்சம் முன்னே பின்னே போய் வருகிறது என்று சொல்லிக்கொண்டோம். கறிவேப்பிலை வாங்கப் போனவர் யார் வீட்டுக் குடையையோ எடுத்துக்கொண்டு வருவார். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, இன்னும் இலை போடவில்லையா என்று கேட்பார். இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். சிரித்துக்கொண்டே சமாளித்தோம். ஆனால் போகப்போக மனுஷர் மறுபடியும் டூட்டியில் சேர்ந்துவிட்டார்.

காலை பத்து மணி. நான் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருப்பேன். கட்டில் கம்பியில் டங் டங் என்று கரண்டியால் தட்டும் சத்தம் கேட்கும். கண்ணைத் திறந்தால் தலைமாட்டில் மாமனார்.

"எறங்குப்பா. கடைசி ஸ்டாப் வந்துடுச்சி. வண்டி ஷெட்டுக்குப் போவணும்."

"மாமா, நான் உங்க மாப்ள."

"யாரா இருந்தா எனக்கு இன்னா? எறங்கு."

ஒருநாள் வேறு வழியில்லாமல் இறங்கியே விட்டேன். வாசல் வரை போய், கொஞ்சம் நின்று, திரும்பி வந்து ஏறினேன். எங்கே போகணும் என்று கேட்டார். தாம்பரம் என்றேன். "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று அவரே கட்டிலுக்கு வழிவிட்டார். படுத்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, டங் டங். தாம்பரம் வந்துவிட்டதாம். மறுநாள் நான் உஷாராகி, காஞ்சிபுரம் என்று தூரத்து ஊராகச் சொன்னேன். இந்த வண்டி அங்கே போகாது என்று ஏறவே விடவில்லை. கம்பெனியில் இதைச் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று இரவு எனக்கு மெஷின் முன்னால் கண் சொருகியதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இரவிலும் அவர் இரண்டு மூன்று முறை எழுந்து கதவைத் திறக்கப் போனார். மனைவிக்கும் தூக்கம் போயிற்று. தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, குணப்படுத்த மருந்து கிடையாது, அமைதியாக இருக்க ஒரு மாத்திரை தருகிறேன் என்றார். இரவில் ஒன்று. பகலில் ரொம்பத் தொந்தரவு செய்தால் மட்டும் இன்னொன்று. இவ்வளவுதான் அவர் சொன்னது. மெடிக்கல் ஷாப்பில் சின்னச் சின்னக் காகித உறைகளில் வெள்ளை மாத்திரைகளை எண்ணிப் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் அவருடைய பிரஷர் மாத்திரை, இந்த மாத்திரை, என் தலைவலி மாத்திரை எல்லாம் ஒன்றாகக் குடியேறின.

முதல் பத்து நாள் சொர்க்கம். மாமனார் சாப்பிட்டார், தூங்கினார், எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார், மறுபடி தூங்கினார். பஸ் சர்வீஸ் ரத்து. நான் ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம் என்று தூங்கித் தள்ளினேன். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டதாகக்கூட மனைவி சொன்னாள்.

ஆனால் மழைக்காலம் தொடங்கும்போது அவர் மிகவும் தளர்ந்துவிட்டார். கயிற்று நாற்காலியில் தலை தொங்க உட்கார்ந்தே இருந்தார். கிணற்றடிக்குப் போக இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டும். ஒருதடவை பிடித்திருந்தும் சரிந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். காபி கொடுத்தால் பாதி உள்ளே போகும், பாதி கடைவாயில் வழிந்து சட்டையில் இறங்கும். பேச்சு அடியோடு நின்றுவிட்டது. தெருமுனை வரை கேட்ட குரல் அது. இப்போது வாயருகே காதை வைத்தாலும் மூச்சு மட்டும்தான்.

பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்மணி ஒருத்தி மனைவியைத் தனியே அழைத்து, "இன்னும் இன்னாத்துக்குமா காத்துகினு கீற? சொல்ல வேண்டியவங்களுக்கு சொல்லி அனுப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலை என் மனைவி அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் சுலபத்தில் அழுகிறவள் இல்லை. நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவள்.

"போவட்டும்ங்க. வயசாச்சி, போவட்டும். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த பேசிட்டுப் போவக்கூடாதா? ஒரே ஒரு தபா கண்ணத் தொறந்து என்ன பாத்து எதுனா ஒண்ணு பேசுனா போதும்" என்றாள்.

அந்த வியாதி அப்படித்தானாம் என்று மெடிக்கல் ஷாப்காரர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். எங்கள் மூன்று பேருக்கும் மனதில் ஒரு விசித்திரமான எண்ணம் இருந்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது. அவர் சத்தம் போடாமல் இருப்பது மாத்திரையால், அவர் பேசாமல் இருப்பது வியாதியால். இரண்டும் ஒன்றே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அது எனக்குப் புரிந்த விதம் கொஞ்சம் அசிங்கமானது.

ஒரு வியாழக்கிழமை. ராத்திரி முழுக்க வேலை, கூடவே மண்டையைப் பிளக்கும் தலைவலி. வீட்டுக்கு வந்தால் மழை இருட்டு, கரண்டும் இல்லை. மனைவி குடையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். இட்லியை விழுங்கிவிட்டு பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். தலைவலிக்கு நான் எப்போதும் இரண்டாகப் போடுவேன். கைக்குக் கிடைத்த உறையைக் கவிழ்த்து இரண்டு வெள்ளை மாத்திரைகளை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். பிறகு வழக்கம்போல மாமனாருக்கும் ஒன்றைக் கொடுத்தேன். அவர் ஏற்கெனவே அரைத் தூக்கத்தில்தான் இருந்தார். இருந்தாலும் ஒரு முன்ஜாக்கிரதை. பாவம், கொடுத்தால் வாயைத் திறப்பார்.

அதற்கப்புறம் எனக்கு நினைவு வந்தபோது மாலை ஆறு மணி. யாரோ என் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தார்கள். மனைவிதான். நாலு மணியிலிருந்தே எழுப்பிக்கொண்டிருந்தாளாம். மச்சினன் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து என்னை நிமிர்த்திப் பிடித்திருந்தான்.

எல்லாம் என் காதில் விழுந்தது. அதுதான் வேடிக்கை. "பூச்சி எதுனா கடிச்சிருக்குமா அக்கா?" என்று மச்சினன் கேட்டதும் விழுந்தது. எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே என்று மனைவியிடம் சொல்ல நினைத்தேன். நினைத்தது தொண்டை வரை வந்தது, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. நாக்கு யாரோ வாயில் வைத்துவிட்டுப் போன துணிப்பந்து மாதிரி கிடந்தது. "மாமா, இன்னிக்கி இன்னா கெழம, சொல்லு பாப்போம்" என்றான் மச்சினன். வியாழக்கிழமை என்று எனக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும். ஆனால் வாயிலிருந்து ஏதோ ஊளைச் சத்தம் வந்ததாகப் பிற்பாடு அவன் எல்லோரிடமும் நடித்துக் காட்டினான்.

மனைவி காபியை என் வாயில் ஊற்றினாள். பாதி உள்ளே போயிற்று. பாதி கடைவாயில் வழிந்து பனியனில் இறங்கியது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எதிரே கயிற்று நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்த அவள் அப்பாவைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு போய் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து உறைகளைக் கட்டிலில் கொட்டினாள். என் தலைவலி மாத்திரை தொடாமல் அப்படியே இருந்தது.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. எட்டு வருஷத்தில் சொல்லாமல் போட்ட முதல் லீவு. மறுநாள் மதியம்தான் தலை தெளிந்தது. தெளிந்ததும் எனக்கு வந்த முதல் யோசனை, இரண்டு மாத்திரைக்கே எனக்கு இந்த கதி என்றால் இந்த மனுஷருக்கு நாம் எத்தனை கொடுக்கிறோம் என்பதுதான். மாலை மூன்று பேரும் வீட்டில் இருந்த நேரத்தில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"ராத்திரி நான் ஒண்ணு குடுக்கறேன்" என்றாள் மனைவி. கொஞ்சம் தயங்கி, "காலையில கெளம்பும்போதும் ஒண்ணு. நீங்க தூங்கணுமேன்னு" என்றாள்.

"நீ காலையில குடுக்கறியா? நான் வந்ததும் ஒண்ணு குடுக்கறேனே" என்றேன்.

மச்சினன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "சாயங்காலம் நான் ஒண்ணு குடுத்துகினு கீறேன். அக்கா நிம்மதியா சமைக்கட்டும்னுதான்" என்றான்.

வாரம் மாறினால் நானும் அவனும் இடம் மாறிக்கொள்வோமே தவிர மாத்திரை மாறாது. மனைவி உறையிலிருந்து நாலு மாத்திரைகளை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தாள். மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. என் மேல் பாசத்தில் அவள் ஒன்று, அவள் மேல் பாசத்தில் தம்பி ஒன்று, என் மேல் எனக்குள்ள பாசத்தில் நான் ஒன்று. எங்கள் பாசத்தை எல்லாம் அந்த மனுஷர் ஒருவரே தண்ணீர் விட்டு விழுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. என்னை நானே மன்னிக்க ரொம்ப நாள் ஆயிற்று.

அதிலும் எனக்குத்தான் அதிக வெட்கம். ஏனென்றால் எங்கள் கம்பெனியில் இந்தத் தப்பு நடக்காது. அடுத்த ஷிப்டு ஆளான ரிலீவர் வந்து மெஷின் பக்கத்தில் நிற்காமல் பழைய ஆள் நகரக் கூடாது. எண்ணெய் ஊற்றினேன், போல்ட்டு இறுக்கினேன், டை என்கிற அச்சை மாற்றினேன் என்று வாயால் சொல்லி, புத்தகத்தில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருதடவை இரண்டு ஷிப்டும் எழுதாமல் ஆளுக்கொருமுறை எண்ணெய் ஊற்றி, கியர் பெட்டி வழிந்து தரையெல்லாம் வழுக்கி, சூப்பர்வைசர் தன் ஏழரை விரல்களையும் மடக்கி மடக்கி எங்களைத் திட்டியிருக்கிறார். ஓர் இரும்பு மெஷினுக்கு அவ்வளவு மரியாதை. பெண்ணைக் கொடுத்து, கட்டிலையும் கொடுத்த மனுஷருக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

சனிக்கிழமை தாம்பரத்துக்கு ஓடினோம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"நான் ராத்திரிக்கு ஒண்ணுதானே எழுதினேன்? பகல்ல தொந்தரவு பண்ணாத்தானே இன்னொண்ணு?"

"ஆமாங்க."

"என்ன தொந்தரவு பண்ணாரு?"

"என்னத் தூங்க விடலைங்க" என்றேன்.

"அப்ப மாத்திரை யாருக்கு?" என்றார்.

பிறகு அவர் திட்டுவதை நிறுத்திவிட்டு, திடீரென்று நிறுத்தினால் வேறு ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று ஒரு தாளில் வாரவாரியாக எழுதிக் கொடுத்தார். முதலில் மூன்று, அப்புறம் இரண்டு, ஒன்று, அரை, கால். வாராவாரம் அழைத்து வந்து காட்டச் சொன்னார். எவ்வளவு தேறுவார் என்று கேட்டதற்கு, மாத்திரையால் போனது வரும், வியாதியால் போனது வராது, எது எது என்று குறைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். பஸ்ஸில் வரும்போது மனைவி அதையே பத்து தடவை சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டுச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். நேரம், என்ன மாத்திரை, கொடுத்தவர், அடுத்து வருகிறவர் கையெழுத்து.

"எங்க நைனா இன்னா மெஷினா?" என்றாள் மனைவி.

"மெஷின இதவிட நல்லா பாத்துக்கறோம்" என்றேன். அவள் முறைத்தாள், ஆனால் முதல் கையெழுத்தை அவள்தான் போட்டாள்.

மச்சினனுக்கு அந்த நோட்டு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "கண்டிஷன் ஓகே. ரெண்டு இட்லி எக்ஸ்ட்ரா. சவுண்டு கம்மி" என்றெல்லாம் எழுதி வைப்பான். அக்கா அடித்துவிட்டு ஒழுங்காக எழுதுவாள். அரை மாத்திரை கட்டம் வந்தபோது பிளேடால் வெட்டும் பொறுப்பு அவனுக்கு. கால் மாத்திரை வந்தபோது அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இந்தக் கால் அந்தக் காலைவிடத் துளி பெரிசு, இது ரிஜெக்ட் பீஸ் என்று தள்ளுவான். குவாலிட்டியில் வேலை செய்கிறவனை வீட்டில் வைத்துக்கொண்டால் இப்படித்தான்.

குறைக்கத் தொடங்கிய முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் காபி வழிவது நின்றது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், தெளிவாக, "சக்கர பத்தல" என்றார். சர்க்கரையை அளவாகப் போடுகிறவள் என் மனைவி. அன்று மூன்று ஸ்பூன் போட்டாள். நாலாவது வாரம் தானாக எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனார். நாங்கள் மூன்று பேரும் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு நடந்தோம். பக்கத்து வீட்டுப் பெண்மணி பார்த்துவிட்டு, கோழி பிடிக்கிறீங்களா என்று கேட்டாள்.

அப்புறம் ஒருநாள் பத்து மணி வாக்கில், நான் இரவு ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருக்கும்போது, டங் டங்.

என் வாழ்க்கையில் தூக்கத்தைக் கெடுத்த ஒருவரைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது அந்த ஒருமுறைதான். எழுந்து உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் பளிச்சென்று இருந்தன. குரல் பழையபடி தெருமுனைக்குப் போயிற்று. எறங்கு, எறங்கு, வண்டி ஷெட்டுக்குப் போவுது. சந்தோஷம் ஒரு கால் மணி நேரம் இருந்தது. அப்புறம் தூக்கம் கண்ணை இழுத்தது, அவர் விடவில்லை. மாத்திரை டப்பா எட்டும் தூரத்தில்தான் இருந்தது. என் கண் அந்தப் பக்கம் ஒருதரம் போனதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்போதுதான் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நான் பாசஞ்சர் இல்ல. டிரைவர். ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு இப்பத்தான் படுத்தேன்."

மாமனாரின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. முகமே மாறிவிட்டது.

"அட, டிரைவரா? மன்னிச்சிக்க டிரைவரே. படு, படு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஜன்னல் கதவைச் சாத்தினார். வெளியே போய் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். தெருவில் கீரை விற்றுக்கொண்டு வந்தவளிடம், சத்தம் போடாதே, டிரைவர் தூங்குகிறார், அவர் தூங்கினால்தான் ஐம்பது பேர் உயிரோடு ஊர் போய்ச் சேர்வார்கள் என்று அடிக்குரலில் அதட்டியது என் காதில் விழுந்தது. மாப்பிள்ளையாக ஆறு வருஷத்தில் எனக்கு அந்த வீட்டில் கிடைக்காத மரியாதை அன்று டிரைவராகக் கிடைத்தது. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கொஞ்சம் கண் கலங்கினேன். பிறகு ஐந்து மணி நேரம் தூங்கினேன். பகல் மாத்திரை என்ற பேச்சே அதோடு போயிற்று. இரவிலும் கடைசிக் கால் துண்டை டாக்டர் நிறுத்தச் சொன்ன பிறகு, எழுந்தால், பக்கத்தில் யாராவது உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசினாலே படுத்துக்கொள்வார்.

மச்சினனைப் பார்த்தால் அவருக்கு செக்கிங் இன்ஸ்பெக்டர் என்று எண்ணம். எழுந்து நின்று வணக்கம் வைப்பார். அவனும் கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொள்வான். எங்கள் இரண்டு பேருக்கும் இப்படி உத்தியோகம் கிடைத்துவிட்டது. என் மனைவிக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் கொடுத்தால் சாப்பிடுவார், குளிப்பாட்டினால் குளிப்பார், ஆனால் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை கிடையாது. அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் நோட்டில் சாப்பாட்டு நேரத்துக்குப் பக்கத்தில் "பேசினார், தம்பியிடம்", "பேசினார், அவரிடம்" என்று அவள் கையெழுத்தில் இருக்கும். அதைப் படிக்கும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

பொங்கலுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம். கிணற்றடி வெயிலில் அவரை உட்கார வைத்து ரசம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். நாலைந்து வாய் வாங்கியபிறகு அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். முகத்தை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். நான் ஈரத் துணியோடு அப்படியே நின்றேன்.

"நீ யாரும்மா?" என்றார்.

அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து துணியைப் பார்த்தேன். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"பால்வாடி டீச்சர்."

"யாரு வூட்டுப் பொண்ணு?"

"எங்க நைனா கண்டக்டர்."

"அப்படியா? நம்ம ஆளா?" அவருக்கு ரொம்பச் சந்தோஷம். "தெனம் நீதான் சோறு போடறியா?"

"ஆமா."

"எனக்கு நீ ஒறவு கூட இல்ல. பாரு, எவ்ளோ பொறுமையா குடுக்கற. நல்லா வளத்துகீறான் அந்தாளு. உங்க நைனாவப் பாத்தின்னா நான் சொன்னேன்னு சொல்லு. பொண்ண நல்லா வளத்துகீறான்னு."

மனைவி அவர் பிடித்திருந்த கையை விடுவித்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் அவர் மோவாயில் ஒட்டியிருந்த பருக்கையைத் துடைத்தாள்.

"சொல்லிட்டேன் நைனா" என்றாள்.

அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு வாயைத் திறந்தார். அவள் அடுத்த வாய் சோற்றை வைத்தாள்.